நெல்லைச் சீமையின் கோயில்கள், சமணர் மலைகள், பள்ளிவாசல்கள்: போய்ப் பார்க்க முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு, அல்வா வாங்கிக்கொண்டு, சீசன் என்றால் குற்றாலத்தில் ஒரு குளியலும் போட்டுவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சீமையில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகச் செதுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சிவன் கோயில், பெருமாள் கோயில், சமணர்கள் செதுக்கிய மலை, கல்தூண் பள்ளிவாசல், எல்லா மதத்துச் சனமும் நேர்ச்சை வைக்கும் தர்கா என்று எல்லாமே திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய ஒன்றிரண்டு மணி நேர பஸ் தூரத்துக்குள் இருக்கின்றன.

இவற்றை "இந்துக் கோயில் சுற்றுலா", "சமணத் தலங்கள்", "தர்கா பயணம்" என்று தனித்தனியாகப் பிரித்துக்கொண்டு போகாதீர்கள், ஒரே பயணமாகப் போங்கள். தூணையும், தூண் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையையும், கல்வெட்டையும் நின்று பார்க்கப் பழகிவிட்டால், இந்த ஊர்க் கல்தச்சர்களின் கைப்பழக்கம் மத எல்லை பார்க்காமல் போயிருப்பது உங்களுக்கே தெரியும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அப்படிப் பார்ப்பதற்கான வழிதான்.

கிளம்புவதற்கு முன்னால்

பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது. அதனால் இணையத்தில் தேடும்போது திருநெல்வேலி மாவட்டம் என்று மட்டும் போட்டால் கழுகுமலை, காயல்பட்டினம், பொட்டல்புதூர், தென்காசி எதுவும் வராது. மூன்று மாவட்டத்தையும் சேர்த்தே திட்டம் போடுங்கள். திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்குவதுதான் வசதி, நாலு திசைக்கும் பஸ் உண்டு, திருச்செந்தூர்ப் பக்கமும் தென்காசிப் பக்கமும் ரயிலும் உண்டு.

அடுத்தது நேரம். வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். இங்கே பெரும்பாலான கோயில்கள் மதியம் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தினால் மறுபடி நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள், சின்ன ஊர்க் கோயில் என்றால் காலை பத்து பத்தரைக்கே பட்டர் வீட்டுக்குப் போயிருப்பார். சமணர் மலைகளுக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் போக வேண்டும், பாறை சூடேறிவிட்டால் நிற்க முடியாது. பள்ளிவாசலைத் தொழுகை இல்லாத நேரத்தில்தான் சுற்றிப் பார்க்க முடியும். ஆக, விடியற்காலையில் மலை அல்லது கோயில், முற்பகலில் பள்ளிவாசல், மதியம் சாப்பாடும் பயணமும், மாலையில் மறுபடி ஒரு கோயில் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் வீணாகாது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ, அன்றைக்குப் பள்ளிவாசல் பார்ப்பதை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதம் என்று கேட்டால் மார்கழியிலிருந்து மாசி வரை நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும், சித்திரை வெயிலில் கழுகுமலை ஏறுவதை நினைக்கவே வேண்டாம். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரலும் காற்றுமாக அருமையாக இருக்கும், ஆனால் சீசன் கூட்டத்தில் அறை கிடைப்பது கஷ்டம்.

உடுப்பு விஷயத்தில், ஆண்களுக்கு வேட்டியோ முழுக்கால் சட்டையோ, பெண்களுக்குச் சேலையோ துப்பட்டாவோடு சுடிதாரோ இருந்தால் எங்கேயும் பிரச்சினை வராது. திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், அதனால் தோளில் ஒரு துண்டு இருக்கட்டும். அதே துண்டு பள்ளிவாசலிலும் தர்காவிலும் தலையை மூடிக்கொள்ள உதவும். பருத்தியில் ஒரு ஜோடி காலுறை எடுத்துக்கொள்ளுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் நடக்கும்போது அதன் அருமை தெரியும். சின்ன டார்ச் ஒன்று, தண்ணீர், ஒரு நோட்டு, பேனா. செல்போனை நம்பிப் போகாதீர்கள், 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்ன உத்தரவுக்குப் பிறகு கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை இருக்கிறது. பெரிய கோயில் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள். கையில் நோட்டு இருந்தால் பார்த்ததை எழுதிக்கொள்ளலாம், எழுத ஆரம்பித்தால் தானாகவே கூர்ந்து பார்ப்பீர்கள்.

பல மதத்து நண்பர்கள் சேர்ந்து போகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள்: பல கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை இருக்கும். வாசலிலேயே அலுவலகத்தில் கேட்டுவிட்டால் உள்ளே போய்ச் சங்கடப்பட வேண்டாம். வெளிப் பிராகாரத்திலும் மண்டபங்களிலுமே பார்க்க நிறைய இருக்கிறது.

நெல்லையப்பர் கோயில்: இங்கே ஆரம்பியுங்கள்

டவுனில், நாலு ரத வீதிகளுக்கு நடுவில் இருக்கிறது. சம்பந்தர் பதிகம் பாடிய தலம். சுவாமிக்கும் காந்திமதி அம்மனுக்கும் தனித்தனிக் கோயில், இரண்டையும் சேர்ப்பது சங்கிலி மண்டபம், அதை 1647-இல் வடமலையப்ப பிள்ளை கட்டினார். அம்மன் சன்னதி வழியாக நுழைந்து, கும்பிட்டுவிட்டு, சங்கிலி மண்டபம் வழியாகச் சுவாமி கோயிலுக்கு நடந்து வாருங்கள் என்பேன். நீளமான அந்த மண்டபத்தில் மெதுவாக நடந்தால் இந்தக் கோயில் பல காலத்தில் பலர் கையால் வளர்ந்தது என்பது உடம்புக்கே புரியும்.

சுவாமி சன்னதிக்கு முன்னால் மணி மண்டபத்தில் இசைத்தூண்கள். ஒரே கல்லில் நடுவில் பெரிய தூண், அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தூண்கள், தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் கொடுக்கும். தயவுசெய்து தட்டாதீர்கள். யாராவது காசு வாங்கிக்கொண்டு தட்டிக் காட்டுகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நாணயத்தாலும் சாவியாலும் தட்டித் தட்டிப் பல ஊர்களில் இப்படிப்பட்ட தூண்கள் தேய்ந்துபோய்விட்டன. பக்கத்தில் நின்று, எவ்வளவு மெல்லிசாகச் செதுக்கியிருக்கிறார்கள், தூணுக்கும் தூணுக்கும் இடையே உளி எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அதுவே போதும்.

மூலவருக்குப் பக்கத்திலேயே நெல்லை கோவிந்தர் பள்ளிகொண்டிருக்கிறார், பலபேர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். அப்புறம் தாமிர சபை. நடராசருக்குச் சொல்லும் ஐந்து சபைகளில் ஒன்று இது, குற்றாலத்துச் சித்திர சபை இன்னொன்று. ஒரே வட்டாரத்தில் இரண்டு சபை இருப்பது நமக்குப் பெருமை. தாமிர சபையில் மரவேலைப்பாட்டைப் பார்க்க மறக்காதீர்கள்.

வெளியே வந்து கீழ ரத வீதியில் நின்றால் மாலை நேரத்தில் அல்வாவுக்கு வரிசை நிற்கும். வாங்கிக்கொள்ளுங்கள், நாளைய பஸ் பயணத்துக்கு ஆகும்.

கிருஷ்ணாபுரம்: ஒரு மணி நேரமாவது கொடுங்கள்

திருச்செந்தூர் சாலையில் பாளையங்கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், வெங்கடாசலபதி கோயில். 16-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் கிருஷ்ணப்பர் காலத்துக் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கோயில் மாதிரிதான் தெரியும், உள்ளே மண்டபத்தில் ஆளுயரத் தூண் சிற்பங்கள் நிற்கின்றன. வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன், மன்மதன், ரதி, ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன், குறத்தி. நகக்கண், கை நரம்பு, விலா எலும்பு, மார்பில் தொங்கும் மணியின் கோர்ப்பு என்று ஒவ்வொன்றையும் கல்லில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பார்க்கும் முறை ஒன்று சொல்கிறேன். எல்லாச் சிற்பத்தையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு ஏதாவது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் பத்து நிமிஷம் நில்லுங்கள். முகத்திலிருந்து ஆரம்பித்து கழுத்து, கை, இடுப்பு, கால் என்று இறங்கி வாருங்கள். பிறகு தலைக்கு மேலே, தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் இருக்கும் போதிகையைப் பாருங்கள். இந்தப் போதிகையின் வடிவத்தை நோட்டில் கோட்டோவியமாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், காயல்பட்டினத்தில் தேவைப்படும்.

கழுகுமலை: முழுக் காலையும் இதற்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்று யாராவது கேட்டால் தயங்காமல் கழுகுமலை என்பேன். கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில் இருக்கிறது, இரண்டு ஊரிலிருந்தும் பஸ் உண்டு. திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போய் மாறிக்கொள்ளலாம். காலை ஏழு மணிக்குள் அடிவாரத்தில் இருக்கப் பாருங்கள்.

அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில், மலையைக் குடைந்த கருவறையில் முருகன். அவரைக் கும்பிட்டுவிட்டு மேலே ஏறினால் வெட்டுவான் கோயில். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. பாறையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்து ஒரு முழுக் கோயிலை உள்ளிருந்து எடுத்திருக்கிறார்கள், எல்லோராவின் கைலாசநாதர் கோயிலைப் போல. ஆனால் இது முடியவில்லை. விமானத்தின் மேல் பகுதி முழுமையாக இருக்கிறது, கீழே போகப் போக உளி நின்றுபோன இடம் அப்படியே தெரிகிறது. முடியாமல் போனதே நமக்கு வசதி, எந்த வரிசையில் வேலை நடந்தது, முதலில் எதைச் செதுக்கினார்கள், எதைக் கரடுமுரடாக விட்டுவைத்தார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், தேடிப் பாருங்கள். வேறெங்கும் அவரை இப்படிப் பார்ப்பது அபூர்வம். சுற்றிலும் பூதகணங்கள், மூலையில் நந்திகள். விமானத்தில் ஏறாதீர்கள், பள்ளத்தின் விளிம்பில் நின்று போட்டோ எடுக்கப் போகாதீர்கள், சறுக்கும்.

அங்கிருந்து பாறையோடு கொஞ்சம் நடந்தால் சமணர் சிற்பங்கள். வரிசை வரிசையாகச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள், தலைக்கு மேல் மூன்றடுக்கு முக்குடை, சாமரம் வீசுகிறவர்கள். பெரும்பாலும் 8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சும்மா பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அவசரப்படாமல் இவர்களைத் தேடுங்கள்: தலைக்கு மேல் நாகம் படமெடுக்கும் பார்சுவநாதர், மேலிருந்து ஒருவன் பாறையைத் தூக்கி எறிய வர நாகம் காத்து நிற்கிற காட்சி. கால்களில் கொடி சுற்றி நிற்கும் பாகுபலி, இரண்டு பக்கமும் அவருடைய தங்கைகள். சிங்கமும் குழந்தைகளுமாக அம்பிகா இயக்கி (இயக்கி என்றால் சமணர்களின் காவல் பெண்தெய்வம்). பத்மாவதி இயக்கி.

இப்போது ஒவ்வொரு சிற்பத்துக்கும் கீழே பாருங்கள். பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்தில் வரிகள் ஓடும். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவை என்ன என்று தெரிந்துகொண்டு பார்த்தாலே மலை வேறு மாதிரி ஆகிவிடும். இந்தச் சிலையைச் செய்வித்தது யார், எந்த ஊர்க்காரர், யாருடைய மாணாக்கர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜா ஒருவர் பணம் கொடுத்து மொத்தமாகச் செதுக்கியது இல்லை இது, பல ஊரிலிருந்து வந்தவர்கள் ஒருவர் ஒரு சிலை என்று செய்துவைத்தது. அதில் குரத்தியார் என்று சொல்லப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் இருக்கின்றன. ஆயிரத்திருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரிசல் காட்டு மலையில் பெண்கள் குருவாக இருந்து மாணாக்கரை வைத்துக்கொண்டு சிலையும் செய்வித்திருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

இங்கே தினப்பூசை செய்யும் சமண சனம் ஊருக்குள் இல்லை என்பதற்காக இது வெறும் பாறை ஆகிவிடாது. செருப்பைக் கழற்றுங்கள். சிலைகளில் எண்ணெய், குங்குமம், திருநீறு எதுவும் பூசாதீர்கள், பக்தியில் செய்தாலும் கல் கெட்டுப்போகும். கல்வெட்டு மேல் சுண்ணாம்புக்கட்டி தேய்த்து எழுத்தைத் தெளிவாக்கிப் படம் எடுக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள். காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்து தானாகவே துலங்கும். பெயர் கிறுக்குகிற பையன்களைப் பார்த்தால் சத்தம் போடாமல் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு சிலையின் கதையைச் சொல்லுங்கள். காவலுக்கு இருப்பவரிடம் "அண்ணாச்சி, அந்தப் பாகுபலி எந்தப் பக்கம்?" என்று கேட்டால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். குரங்குகள் உண்டு, தின்பண்டப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு ஏறாதீர்கள்.

கழுகுமலை பிடித்துப்போனவர்களுக்கு இன்னொன்று. சீவலப்பேரிப் பக்கம் மருகால்தலை என்ற ஊரில் பூவிலுடையார் மலை, அதில் துறவிகளுக்கான கற்படுக்கைகளும், அவற்றைச் செய்து கொடுத்தவர் பெயரைச் சொல்லும், மிகப் பழைய தமிழ் பிராமி எழுத்துக் கல்வெட்டும் இருக்கின்றன. கழுகுமலையைவிட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் பழசு. ஊரில் பஞ்சபாண்டவர் படுக்கை என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பார்க்க நாலு படுக்கையும் ஒரு வரியும்தான், சிற்பம் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

காயல்பட்டினம்: கல்தூண் பள்ளிவாசல்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் ஏறினால் காயல்பட்டினத்திலேயே இறங்கலாம். அதே பாதையில்தான் ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும் வருகின்றன. அரபு வணிகத்தோடு பல நூற்றாண்டுத் தொடர்புள்ள கடற்கரை ஊர், மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகமும் இந்தப் பகுதிதான். குத்பா பெரிய பள்ளி முதலான பழைய பள்ளிகளில் தொழுகை மண்டபம் கல்தூண் வரிசை. கிருஷ்ணாபுரத்தில் வரைந்த போதிகைப் படத்தை இங்கே எடுத்துப் பாருங்கள். அதே மரபுத் தூண், அதே மாதிரி போதிகை, ஆனால் உருவம் ஒன்றும் இருக்காது, பூவும் கொடியும் கோலம் மாதிரியான கட்டங்களும்தான். சிற்பம் செதுக்கத் தெரிந்த கைகள், வேண்டாம் என்று சொன்ன இடத்தில் பூவில் நின்றுகொண்ட அழகு அது.

உள்ளே போகும் முறை. முதலில் பாங்கு நேரம் தெரிந்துகொள்ளுங்கள். லுஹர் என்னும் மதியத் தொழுகைக்கு முன்னால் முற்பகல் பத்திலிருந்து பதினொன்றரை வரையும், அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கும் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்கும் இடையிலும் வசதி. வாசலில் நின்று ஸலாம் சொல்லி, பாங்கு சொல்லும் மோதினாரிடமோ அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடமோ "காக்கா, பள்ளியின் கல்வேலை பார்க்க வந்திருக்கோம், உள்ளே வரலாமா?" என்று கேளுங்கள். காயல்பட்டினத்தில் மூத்தவர்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் ஸலாம் சொல்லத் தயங்கினால் வணக்கம் சொன்னாலும் முகம் மலர்ந்துதான் பதில் வரும். செருப்பை வெளியே விட்டு, கால் கழுவிவிட்டு, தலையை மூடிக்கொண்டு போங்கள். யாராவது தொழுதுகொண்டிருந்தால் அவர் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள், பின்னால் சுற்றிப் போங்கள். ஹவுள் என்னும் தொட்டியின் தண்ணீர், தொழுகைக்கு முன்னால் கை, கால், முகம் கழுவும் ஒளுவுக்கு, விளையாட்டாகக் கையை விட்டு அளையக் கூடாது. படம் எடுப்பது கேட்டுக்கொண்டுதான், ஆட்கள் முகம் படாமல்.

பெண்கள் கூட வந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. இந்த ஊரில் பெண்களுக்கென்று தனியாகத் தைக்கா என்னும் வழிபாட்டு இடங்கள் உண்டு, பள்ளியின் உள்மண்டபத்துக்கு அனுமதி இடத்துக்கு இடம் மாறும். தெருக்களில் நடக்கும்போது வீடுகளுக்கு நடுவே போகும் குறுகலான முடுக்குகளுக்குள் ஆண்கள் நுழையாதீர்கள், அது பெண்கள் போய்வரும் வழி.

பொட்டல்புதூரும் ஆற்றங்கரையும்

கடையம் பக்கத்தில் பொட்டல்புதூர், முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல். பாக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதர் ஜீலானியின் நினைவாக எழுந்த தர்கா. கட்டடத்தைப் பார்த்தால் கோயில் மண்டபத்துக்குள் நுழைகிற உணர்வே வரும். சுற்று வட்டார இந்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே நேர்ச்சை வைத்துக் குழந்தைக்கு முடி இறக்குகிறார்கள். கந்தூரி என்னும் தர்கா விழா, இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டின் ரபியுல் ஆகிர் மாதத்தில் வரும். ஹிஜ்ரி ஆண்டு சுமார் பதினொரு நாள் குறைவு என்பதால் தேதி வருஷா வருஷம் முன்னால் நகரும், போகிற வருஷத்துத் தேதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

தெற்கே, நம்பியாறு கடலில் சேரும் இடத்தில் ஆற்றங்கரைப் பள்ளிவாசல். திசையன்விளை வழியாகப் போகலாம். இங்கேயும் எல்லா மதத்தாரும் வருவார்கள். நோயாளிகளோடு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களைப் பார்ப்பீர்கள், அவர்களைப் படம் எடுக்கவோ கதை கேட்கவோ போகாதீர்கள். தர்காவில் பாத்திஹா ஓதித் தரும் சர்க்கரையை வேண்டாம் என்று சொல்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேற்குப் பக்கம்

திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில், தாமிரபரணியோடு கடனா நதி சேரும் இடம். ஆற்றங்கரையே போதும் போவதற்கு. ஆனால் முக்கியமானது ராஜகோபுரத்தின் உள்ளே, மாடம் மாடமாக இருக்கும் பழைய சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும். கோபுரம் பூட்டியிருக்கும், முன்கூட்டியே கோயில் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கிடைத்தால் சுவரில் சாயாமல், முதுகுப்பையைக் கீழேயே வைத்துவிட்டு, டார்ச்சை ஓவியத்தின் மேல் நேராக அடிக்காமல் பாருங்கள்.

தென்காசி காசி விசுவநாதர் கோயில் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களை உலகம் அறியப் பணிகிறேன் என்று அந்த ராஜாவே பாட்டாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். கட்டியவன், தனக்குப் பின்னால் வரப்போகும் முகம் தெரியாத ஆளின் காலில் விழுகிறான். கோயிலில் யாரிடமாவது கேட்டு அந்தக் கல்வெட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள். கோபுர வாசலில் ஆனி, ஆடிக் காற்று ஆளைத் தள்ளும், வேட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாலு நாளில் எப்படிக் கோர்ப்பது

முதல் நாள் காலை நெல்லையப்பர், மாலை நாலு மணிக்குக் கிருஷ்ணாபுரம். இரண்டாம் நாள் கழுகுமலை, இறங்கிச் சாப்பிட்டுவிட்டு சங்கரன்கோவில் போய் மாலையில் சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம், சிவனும் பெருமாளும் ஒரே உருவில் நிற்கும் கோயில். மூன்றாம் நாள் காலை ரயிலில் ஆழ்வார்திருநகரியில் இறங்கி நம்மாழ்வாரின் உறங்காப்புளி என்னும் புளியமரத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து முற்பகலுக்குள் காயல்பட்டினம், மாலை திருச்செந்தூர். நாலாம் நாள் செங்கோட்டை ரயில் பாதைப் பக்கம்: திருப்புடைமருதூர், பொட்டல்புதூர், தென்காசி. இந்த நாளுக்கு மட்டும் கார் பேசிக்கொள்வது நல்லது, திருப்புடைமருதூருக்கு பஸ் குறைவு. ஆற்றங்கரைக்கும் மருகால்தலைக்கும் தனியாக ஒரு நாள் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் கூட வந்தால் கழுகுமலையில் அடிவாரத்து முருகன் கோயிலில் அவர்களை நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஏறி இறங்கலாம். மற்ற இடங்கள் எல்லாம் பெரும்பாலும் சமதளம்தான், மெதுவாக நடக்கிறவர்களுக்கும் சிரமம் இருக்காது.